அரைப்பழம்

மார்ச் 3, செவ்வாய்
தூறல். பொயிலர் மறுபடி முனகுகிறது. சமையலறை ஜன்னலோரம் என் வசந்தாவின் கோப்பை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் குடித்துவிட்டு வைத்தது. அடியில் காய்ந்த பிளேன்ரீ, பால் விடாத தேநீர். கழுவவில்லை. கழுவவும் மாட்டேன்.

ஜப்பான் பீங்கான். லண்டன் கிங்ஸ்பரியில் பழைய சாமான் கடையொன்றில் அவள் கண்டெடுத்தது. வெள்ளையில் சிவப்புப் பழங்கள், பச்சை இலைகள், விளிம்பில் பொன்கோடு. நிறமெல்லாம் பளபளப்புக்கு மேலே தீட்டிச் சுட்டது, தேய்த்தால் போய்விடும் என்று கடைக்காரி அன்றே சொன்னாள். கைப்பிடி இல்லை. வ.வின் பெருவிரல் பட்டுப்பட்டு ஒரு பழம் பாதி அழிந்துவிட்டது. அங்கே என் விரலை வைத்தால் அவள் விரல். பைத்தியம்தான். இருக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்
வெயில்! வ.வின் அக்கா, கோமதி மச்சாள், செவன் கிங்ஸிலிருந்து வந்தார். ஞாயிறு வ.வின் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியம். அதற்கு முன் சாவுத் துடக்குப் போக வீடு முழுக்கக் கழுவ வேண்டுமாம். என்னைக் கடைக்கு அனுப்பினார். வாழையிலை, எள்ளு, கற்பூரம், மரவள்ளி.

திரும்பி வந்தால் சட்டி பானை எல்லாம் பளபள.

"தம்பி, அந்தக் கோப்பையில என்ன கறை! தேசிக்காய்ப் புளி விட்டு, கம்பிச்சுருளால உரஞ்சி எடுத்தனான். இப்ப பாருங்கோ, பால் மாதிரி."

பால் மாதிரித்தான். பழங்கள் இல்லை. பொன்கோடு இல்லை. தடித்த பச்சை இலைகள் மட்டும்.

"ஓம் மச்சாள், நல்லாயிருக்கு."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தங்கச்சியைப் பறிகொடுத்தவரோடு என்னத்தைக் கோபிக்க.

மார்ச் 6, வெள்ளி
மழை. கோப்பையைத் தடவித் தடவிப் பார்த்தேன். இலை தவிர எங்கும் ஒரே வழவழப்பு. அரைப்பழம் எந்த இலைக்குக் கீழே? இத்தனை வருடம் பார்த்தும் தெரியவில்லை. வெட்கக்கேடு.

மகன் போனில்: "அப்பா, அந்தப் பழப்படத்தைத் திரும்பக் கீறித் தருவினமாம், புதுசு மாதிரி." வேண்டாம் என்றேன். புதுப்பழம் எனக்கு எதற்கு.

மார்ச் 8, ஞாயிறு
மப்பு வானம். ஐயர் நேரத்துக்கு வந்துவிட்டார், அதிசயம். படையலில் வ.வுக்குப் பிடித்ததெல்லாம். பிளேன்ரீயை நான் அந்தக் கோப்பையில் ஊற்றினேன்.

"உந்தக் கோப்பை ஏன் தம்பி? பூப்போட்டது ஒண்டு எடுங்கோவன்."

"இது பழம் போட்டது, மச்சாள். அவளின்ர."

சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

மச்சாள் இலைகளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "ஐயோ, தெரியாமச் செய்திட்டன்." கோப்பையை எடுத்து, மெல்லச் சுற்றி, பெருவிரலை ஓரிடத்தில் வைத்துப் பிடித்தார். அச்சாக வ. பிடிப்பது போலவே.

விரலுக்கு மேலே எந்த இலை என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.