நான் போட்ட சிவப்பு நட்சத்திரம்

கீழ் வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். காலையில் பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்த வாடை மாடிப்படி வழியாக ஏறி வந்தது. டர்பன்டைன். பாப்பா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "ம்மா, நாத்தம்" என்றாள். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். வாந்தி வரவில்லை. எச்சில்தான் ஊறி ஊறி வந்தது. பெயின்டருக்கு அது பிரஷ் கழுவுகிற எண்ணெய். எனக்கு அது உன் கை, உன் துப்பட்டா ஓரம்.

இப்போது பாப்பா தூங்குகிறாள். இந்த மத்தியானத் தூக்கம் ஒரு மணி நேரம் நீடித்தால் ஜாஸ்தி. நீ போனதிலிருந்து உனக்கு எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டே வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. அழுகை அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கிவிட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அருவருப்பு. நாய்ப் புண்ணைப் பார்த்து வருகிற அருவருப்பு இல்லை. அதையெல்லாம் நீ பழக்கிவிட்டாய்.

கெடிலம் ஆற்றோரத்து உன் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்கு நான் முதலில் வந்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், மஞ்சக்குப்பத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், நீ ஒரு நாயை மடியில் போட்டுக்கொண்டு அதன் காதுக்குள் டர்பன்டைன் சொட்டுவிட்டுக்கொண்டிருந்தாய். வாடை தாங்காமல் புழுக்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து டப்பா மூடியில் போட்டாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"நீ அந்தாண்ட போய் ஒக்காருடி. உள்ள இருக்கறது இன்னும் டிவியே பாக்கல, அதுக்குள்ள இத காட்டாத" என்றாய். நாயின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த செல்வம் அண்ணன் சிரித்தார். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பதையெல்லாம் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உன்னிடம் வருகிறவர் அவர்தான் என்று அப்புறம் சொன்னாய். கையைக் கழுவிக்கொண்டு வந்து, துடைக்காமலே கேட்டாய்: "வெப்சைட் பண்றதுதான உன் வேல? எங்களுக்கு ஒண்ணு பண்ணிக் குடேன்."

நீ கேட்டது எல்லாமே சரியாக இருந்தது. அதை இப்போது சொல்லத்தான் வேண்டும். கால்தடம் கால்தடமாகப் பக்கம் முழுக்க ஓடுகிற மாதிரி நான் ஒன்று செய்து காட்டினேன். "அழகா கீது. நம்பர் எங்கடி?" என்றாய். "ரோட்டுல நாய் அடிபட்டுக் கெடக்குது. ஒருத்தன் கை நடுங்கிக்கிட்டு போன எடுக்கறான். வெயில்ல ஒண்ணும் தெரியல அவனுக்கு. அவனுக்கு எதுக்கு ஒன் கால்தடம்?" கால்தடம் போய், வெள்ளையில் கறுப்பாக, உச்சியில், கட்டைவிரல் அகலத்துக்கு நம்பர் வந்தது. செத்துப்போனதுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றாய். "பொழச்சத மட்டும் காட்டினா அது பொய்டி." அதற்கும் சரி என்றேன்.

எனக்கென்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு படங்கள், நடுவில் ஒரு கோடு. விரலால் கோட்டை இழுத்தால் புண்ணோடு இருந்த நாய் மறைந்து, ஆறிய நாய் வரும். முன் படம், பின் படம். பழைய ஆபீசில் ஒரு பல் டாக்டருக்குச் செய்து பேர் வாங்கிய வேலை அது.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நாய் இன்னா ஃபேர்னஸ் க்ரீம் வெளம்பரமா?"

"சிரிக்காத. இதப் பாத்தாதான் ஜனம் உதவி பண்ணும்" என்றேன். உனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மாதம் மருந்து பீரோ காலியாக இருந்தது. ஒத்துக்கொண்டாய்.

முன் படம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வரும். என் கண்ணுக்கு அது அசிங்கமாக இருந்தது. ஆமாம், அந்தக் கட்டம். அதனால் ஒவ்வொரு பிராணியும் வந்ததும் நீங்கள் நிரப்புகிற படிவத்தில், 'முன் படம்' என்ற பெட்டியைக் கட்டாயமாக்கினேன். ப்ரோக்ராமில் ஒரு சொல்லை மாற்றியதுதான். பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் வந்து ஒட்டிக்கொண்டது. படம் ஏற்றாமல் படிவம் போகாது. படிவம் போகாமல் கேஸ் நம்பர் வராது. நம்பர் இல்லாமல் மருந்து நோட்டில் எழுத முடியாது, எழுதாமல் பீரோவைத் திறக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டேன் என்று எனக்கு அத்தனை பெருமை. முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பாப்பா பிறந்தாள். எனக்குப் பயமும் கூடவே பிறந்தது. அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்கு அடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஷெட்டு பக்கம் வருவதை நிறுத்தினேன். நீதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாய். மாடி ஏறமாட்டாய். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "குளிச்சிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் வேணாம், நீ பயப்படுவ. அங்கேர்ந்தே காட்டு" என்பாய். நான் பால்கனியிலிருந்து பாப்பாவைத் தூக்கிக் காட்டுவேன். மேலே வாடி என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தளத்தில் சுவர்ப் படங்கள் வர ஆரம்பித்தன. முன் படம் என்ற இடத்தில் நாய் இல்லை, ஒரு நீலச் சுவர். அடுத்த கேஸுக்கும் நீலச் சுவர். ஒன்றில் உன் கட்டைவிரல். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏண்டி செவுத்தப் புடிச்சிப் புடிச்சிப் போடற? பாக்கவே கேவலமா இருக்குது."

"கை தவறிடுச்சிடி. பாப்பா பால் குடிக்கறாளா?"

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். உனக்கு அக்கறை இல்லை என்று நினைத்தேன். என் வேலையை நீ மதிக்கவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் குறைகூடச் சொன்னேன்.

பிறகு டெங்கு வந்து ஆறே நாளில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரிக்கு நான் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலைக் கொண்டு வந்துவிடுவேனோ என்று பயம். கடைசி நாளில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் தெருமுனையில் நின்றேன். உன்னைத் தூக்குவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன்.

ஷெட்டை உன் அண்ணன் எடுத்து நடத்தினார். கெட்ட மனிதர் இல்லை. நீ விட்டுப்போனதை மூடிவிடக்கூடாது என்று முட்டி மோதினார். "சைட்டப் பாக்கறவன் செவுத்தப் பாத்தா நம்மள டுபாக்கூர்னு நெனைப்பான்மா. நீ கொஞ்சம் செல்வத்துக்குச் சொல்லிக் குடு" என்றார். சொல்லிக்கொடுத்தேன். வீடியோ காலில், ஒரு டீச்சரம்மா மாதிரி. வெளிச்சத்துல எடுங்க, கிட்டக்க எடுங்க, "தொடறதுக்கு முன்னாடி எடுத்துடுங்கண்ணா." இந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.

போன மாதம் உன் அண்ணன் என்னை நேரில் வரச் சொன்னார். முதல் பக்கத்தில் மாலை போட்ட உன் படத்தை வைக்க வேண்டுமாம். பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தேன். ஷெட்டு வாசலில் லோடு ஆட்டோ நின்றது. பின்னால் கோணிமேல் ஒரு செவலை நாய், பெட்டை. கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். புண் என்றா எழுதினேன்? அது அசைந்துகொண்டிருந்தது. வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. செல்வம் அண்ணன் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"இன்னாண்ணா பண்றீங்க? உள்ள தூக்கிப்போலாமில்ல?"

"படம் ஏறலம்மா. இங்க பேசத்தான் டவரு, நெட்டு கெடைக்காது. ஏறினாத்தான் நம்பர் வரும், நம்பர் வந்தாத்தான பீரோ."

"எவ்ளோ நேரமா நிக்கறீங்க?"

"ஆலப்பாக்கத்துலேர்ந்து பத்தரைக்கெல்லாம் வந்துட்டேன்."

மணி பன்னிரண்டு.

சத்தம் கேட்டு உன் அண்ணன் வெளியே வந்தார். "வாம்மா, சாப்ட்டியா?" என்றார். அப்படியே செல்வம் அண்ணன் கையிலிருந்த போனைப் பார்த்து, "கோணியத்தான் எடுத்திருக்க செல்வம். கிட்டக்க போய் இன்னொண்ணு எடு. புழு தெரியல பாரு" என்றார். குழம்பில் உப்பு பத்தவில்லை என்று சொல்கிற அதே குரலில்.

சீ, நீயெல்லாம் மனுஷனா என்று கேட்க வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னது என் பாடம். வெளிச்சம், கிட்டக்க, தொடுவதற்கு முன்னால். ஒரு வார்த்தை மாறவில்லை.

"பீரோ சாவியக் குடுங்கண்ணா."

"நம்பர் இல்லாம எப்படிம்மா? நீதான வெச்ச அந்த ரூல?" குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"நான்தான் வெச்சேன். குடுங்க."

அன்றைக்குத்தான் என் கையால் முதல் தடவை டர்பன்டைன் ஊற்றினேன். செல்வம் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டார். நாய் கத்தவில்லை, கத்துகிற தெம்பு அதற்கு இல்லை. இடுக்கியால் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

"அவுங்க இருக்கச்சொல்ல இந்தத் தொல்லையே இல்லம்மா" என்றார் செல்வம் அண்ணன். "காலையில வீட்டுலேர்ந்து கௌம்பும்போதே செவுத்தப் படம் புடிச்சி அனுப்பி, நாலஞ்சி நம்பர் வாங்கி வெச்சிக்குவாங்க. துண்டுச்சீட்டுல எழுதி பர்ஸுல இருக்கும். ஒண்ணு வந்தா ஒரு சீட்ட உருவுவாங்க. மொதல்ல மருந்து, அப்புறம்தான் மத்ததெல்லாம்."

இடுக்கி என் கையில் நின்றுவிட்டது. அந்த நீலம் உன் வீட்டுக் கூடத்து நீலம். எத்தனை தடவை அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். எனக்கு உறைக்கவே இல்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலண்ணா?"

"நானும் கேட்டேன். 'பச்ச ஒடம்புக்காரி, சும்மாவே பயந்து செத்துக்கிட்டிருக்கா. இதச் சொன்னா ஒடஞ்சிடுவா. செவுருதான, நாம பாத்துக்கலாம்'னாங்க."

பஸ் ஸ்டாண்டில் நெட் கிடைத்ததும் பெஞ்சில் உட்கார்ந்து நட்சத்திரத்தை எடுத்தேன். படம் இழுக்கிற கோட்டையும் எடுத்தேன். இப்போது 'வந்துவிட்டது' என்று ஒரு பொத்தான் மட்டும். தொட்டால் நம்பர்; நெட் இல்லையென்றால் போனே ஒரு நம்பர் கொடுக்கும். மற்ற கேள்விகள் மறுநாள் நிரப்பினாலும் போதும். போடுவதற்கு ஆன நேரம்கூட எடுப்பதற்கு ஆகவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்துவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்கினேன். என் கையில் ஒட்டியிருந்தது புழு வாடைதான் என்று அப்போது நினைத்தேன்.

செவலை மறுநாள் விடிவதற்குள் செத்துப்போனது. அதற்கு ஒரு பக்கம் போட்டேன். படம் கிடையாது. 'செவலை, பெட்டை. ஆலப்பாக்கம் ரோட்டோரம் கிடந்தது. ஷெட்டுக்கு வந்தும் ஒன்றரை மணி நேரம் மருந்தில்லாமல் வெயிலில் காத்திருந்தது. காரணம் இந்தத் தளத்தின் படிவம். படிவத்தைச் செய்தவள்' என்று எழுதி, என் பெயரைப் போட்டேன்.

உன் அண்ணன் போன் செய்தார். "என்னம்மா இது, நம்ம வாயால நாமே சொல்லிக்கறதா? இதப் பாத்தா எவன் உதவுவான்? மொதல்ல எடு."

"எடுக்கமாட்டேண்ணா. அவ இருந்திருந்தா போடச் சொல்லியிருப்பா."

"அப்போ பாஸ்வேர்டக் குடு. பண்ருட்டியில ஒரு பையன் இருக்கான், அவன் பாத்துக்குவான்."

"அதையும் குடுக்கமாட்டேன்."

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. பண்ருட்டிக்காரரை வைத்துப் புதிதாக ஒன்று தொடங்கினாலும் தொடங்குவார். அதில் கோடு இருக்கும், இழுத்தால் நாய் ஆறும். என்னால் தடுக்க முடியாது. கையிலிருக்கிற இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. நீ, "சரி விடுடி, பாப்பா சாப்ட்டாளா?" என்று கேட்டு முடித்துவிடுவாய். அந்தப் பெருந்தன்மை எனக்கு இப்போது வேண்டாம். என்மேல் எனக்கு வந்த இந்தக் குமட்டல் போய்விடக்கூடாது என்று இருக்கிறது. போன வாரம் ஒரு கிளினிக்குக்குப் படிவம் செய்து தரச்சொல்லிக் கேட்டார்கள். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் அங்கே போய், டோக்கன் கொடுக்கிற அம்மாவின் பக்கத்தில் ஒரு காலை முழுக்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு மாற்றியும் ஒன்று மாறவில்லை. செல்வம் அண்ணன் தினம் போன் செய்கிறார். பொத்தானை விளக்கிச் சொன்னேன், இரண்டு தடவை செய்து காட்டினேன். "புரிஞ்சிதும்மா" என்கிறார். இன்றைக்கும் கூப்பிட்டார். கன்றுக்குட்டி ஒன்று, பின்னங்கால் கிழிந்திருக்கிறதாம். பின்னால் அது கத்துவது எனக்குக் கேட்கிறது. அத்தனை வருஷம் உன்கூட நின்று, எந்தப் புண்ணுக்கு என்ன மருந்து என்று என்னைவிட நூறு மடங்கு தெரிந்த மனிதர், கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு, சிதம்பரத்தில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் கேட்கிறார்:

"ஊத்தலாமாம்மா?"