கிளாரினெட்டுக்கு என்ன விலை சொல்வது

மார்ச் 4

கிளாரினெட்டை விற்றுவிடுவதென்று முடிவு. முகவாதம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கண் மூடுகிறது, சிரிப்பு நேராகிவிட்டது, காபி சிந்துவதில்லை. ஊதினால் மட்டும் இடது உதட்டோரம் காற்று கசிகிறது. "இதுக்கு மேல பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றார் நரம்பு டாக்டர். சுற்றி வளைக்காத மனிதர். ஊத ஆளில்லாத வாத்தியம் அலமாரியில் எதற்கு?

மார்ச் 6

கணவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எதையும் ஃபிரேமைப் பார்த்தே விலை சொல்லிப் பழகியவர். பெட்டியைத் திறந்து தடவிப் பார்த்தார். "நல்ல மரம். பழசாக ஆக விலை ஏறும்ல?" நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வாத்தியத்தின் மேல் துண்டில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைக் கொண்டு தேடினால், என்னைவிட மூன்று வயது மூத்தது.

"அப்போ அக்கான்னு கூப்பிடு."

இணையத்தில் இதே ரகத்துக்கு ஒருவர் மூன்று மாதச் சம்பளம் கேட்கிறார். இன்னொருவர் ஒரு வாரச் சம்பளத்துக்குத் தள்ளிவிடத் தயார். கேட்கிற விலையைப் பார்த்துப் பயனில்லை. விற்றுப்போன விலையைப் பார்க்க வேண்டும். அதை யாரும் வெளியே சொல்வதில்லை.

மார்ச் 11

வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போனேன். மேல் துண்டுக்குள் சின்ன பல்பை விட்டு அறை விளக்கை அணைத்தார். முடி அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு.

"விரிசல். ரொம்ப நாளா ஊதலையா?"

"இல்ல."

ஒட்டிவிடலாமாம். ஒட்டினாலும் தடம் தெரியும், தெரிந்தால் விலை இறங்கும். பழைய மரம் என்று இழுத்தேன். "இது வயலின் இல்லம்மா. வருஷக்கணக்கா ஈர மூச்சு போன மரம். வயசுக்கு யாரும் காசு தரமாட்டாங்க" என்றார். துளைகளை மூடும் பேடுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, கீகளில் ஆட்டம் இல்லை. ஆனால் விலை சொல்ல மறுத்துவிட்டார். "யாராவது ஊதணும். சுருதி எங்க நிக்குதுன்னு கேக்காம சொன்னா அது ஜோசியம்."

மார்ச் 12

யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். அதனால்தான் இன்னும் போன் செய்யவில்லை.

மார்ச் 19

ஒட்டி வாங்கி வந்தாயிற்று. பக்கத்து நாற்காலி வந்தாள். இசைக்குழுவில் இத்தனை வருடம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது என் இடத்தில் உட்காருகிறாள். அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கும் கூச்சம், கேட்க எனக்கும்.

"அக்கா, நிஜமா நான் ஊதவா?"

"அதுக்குத்தானே வரச் சொன்னேன்."

ஊதினாள். நான் தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். என்ன எதிர்பார்த்தே நீ? உன் சத்தம் அதுக்குள்ள உக்காந்திருக்கும்னா? இல்லையே. அது அவ சத்தம். முழுக்க முழுக்க அவ சத்தம். இத்தனை வருஷம் ஊதினதுல ஒரு துளி கூட இல்லையே —

குழாயை மூடிவிட்டு வந்தேன். அவள் மேல் ஸ்வரங்களில் முகம் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ அருமையா இருக்குக்கா. மேல ரெண்டு ஸ்வரம் சுருதி ஏறிக்கிட்டே போகுது. இதை எப்படிச் சமாளிச்சீங்க?"

"ஏறுதா?"

விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். எனக்கு உண்மையிலேயே தெரியாது. உதடு தானாகவே அதைச் சரிசெய்து வந்திருக்கிறது போல. என்னிடம்கூடச் சொல்லாமல்.

மார்ச் 20

விலையைக் குறைத்தேன். மனதுக்குள் விலையோடு கூடுதலாக ஒரு தொகையைச் சேர்த்து வைத்திருந்தேன். அது மரத்துக்கு இல்லை, எனக்கு. அதை எடுத்துவிட்டால் ஒரு மாதச் சம்பளம் வருகிறது. அது நியாயமான விலை.

விளம்பரத்தில் விரிசலையும் எழுதினேன், மேல் ஸ்வரங்கள் ஏறும் என்பதையும் எழுதினேன். "பொண்ணு பார்க்க வர்றவங்க கிட்ட குறட்டையைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார் கணவர்.

மார்ச் 25

யாரும் கேட்கவில்லை.

மார்ச் 29

ஒரு அம்மா வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வார இறுதிகளில் நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கிறாராம். "மத்தவங்க எல்லாம் சூப்பர் கண்டிஷன்னு போட்டிருந்தாங்க. பயமா இருந்துச்சு. நீங்கதான் குறையை எழுதியிருந்தீங்க." ஊதிப் பார்த்தார். மேலே ஏறியது. "ஆமா, ஓடுது பாருங்க!" என்று சிரித்தார், பிரேக் பிடிக்காத வண்டியைச் சொல்வது போல.

"கீழ் உதட்டை ஒரு இம்மி தளர்த்துங்க" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை. தளர்த்தினார். இறங்கி நின்றது.

பேரம் பேசவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படி இறங்கினார். அலமாரியில் அந்த இடத்தில் போர்வைகளை வைத்தேன்.

ஏப்ரல் 8

பக்கத்து நாற்காலியின் போன். பெரிய டிரம் அடிப்பவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறாராம். "அக்கா, டிரம்முக்கு உதடு வேண்டாம்ல?"

என்ன கேலியா இது என்று கேட்டேன். இல்லை என்றாள். யோசிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 17

ஒத்திகை. என் இடம் கடைசி வரிசை, நின்றபடி. இத்தனை வருடத்தில் முதல் முறையாக எல்லோருடைய முதுகையும் பார்த்தேன். பக்கத்து நாற்காலி வாசிக்கும்போது வலது தோளை உயர்த்துகிறாள். அருகில் இருந்தபோது தெரிந்ததில்லை. அவள் தனியாக வாசிக்கும் இடம் முடிந்ததும் நான் ஒரே ஒரு அடி அடிக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். அடி பிந்தி விழுந்தது. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"பின்னாடி, லேட்டு. மறுபடி" என்றார் குழுத் தலைவர்.

மறுபடி. இந்த முறை யாரும் திரும்பவில்லை.