பஞ்சகவ்யம் வடிகட்ட ஒரு சேலை

ஓசூர், 12.2.2009

புவனகிரி மகாராணி செல்லாயிக்கு, தக்காளி தேசத்துச் சக்கரவர்த்தி பஞ்சநாதன் எழுதுவது. நான் யானை பலத்தோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

போன மாதம் பஞ்சகவ்யத்தை வடிகட்டாமல் சொட்டுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டேன். சாணித் திப்பி போய்க் குழாயின் துளைகளையெல்லாம் அடைத்துக்கொண்டது.

"மாமா, செடிக்கு ஊத்தச் சொன்னா குழாய்க்குச் சோறு ஊட்டிட்டீங்களே!" என்று சிரித்தான் இங்கே என்னோடு வேலை பார்க்கும் நம்ம குடிகாட்டு அன்பரசு.

"நாளைக்குள்ள சொட்டலன்னா ஊருக்குக் கெளம்பு," என்றார் தோட்டத்து முதலாளி.

ஒரு கோடி துளைகளை ஊசியால் குத்தினேன். சொட்டியது, செல்லாயி! இப்போது ஒவ்வொரு தக்காளியும் பூசணிக்காய் அளவு. உரக் கரைசல் முழுக்க இனி என் பொறுப்பாம்!

வடிகட்ட உன் பழைய நூல்சேலை அனுப்பு. மோட்டார் போட்டுவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் பஞ்சநாதன்

சேலை இரண்டு அனுப்பு. வடிகட்ட ஒன்று போதும், மற்றது நான் போர்த்திக்கொள்ள.