எங்கள் தெருத் தண்ணீரை யார் சோதிப்பது?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், என் கோபமும் குறையாமல் நலமாகவே இருக்கிறது. ஃபோனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் நீ அழுதுவிடுகிறாய், இல்லாவிட்டால் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும், அதனால்தான் இந்த வழி. அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் ஆபரேஷன் ஆன பிறகு எடுத்த சோதனையில் எல்லாம் சுத்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடியும் சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார், அதிலிருந்தே உடம்பு தேறிவிட்டது என்று நான் தெரிந்துகொண்டேன். பஸ் ஓட்டின காலம்தான் போய்விட்டதே தவிர, ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிக்காரனையும் திட்டுவது மட்டும் போகவில்லை.

சரி, வீட்டை விற்கிற விஷயத்துக்கு வருகிறேன். "தேடி வந்தவங்கள விரட்டி விட்டுட்டியேம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாய். நான் யாரையும் விரட்டவில்லை. நீ ஏற்பாடு செய்த புரோக்கர் கூட்டிவந்தது சின்ன வயசு ஜோடி, அந்தப் பெண்ணுக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது, மாடிப்படியை அவள் பிடித்துப் பிடித்து ஏறினதைப் பார்க்கவே எனக்கு மூச்சு வாங்கியது. உன் அறை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தொட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா, சுவர் பக்கம் போடலாமா என்று புருஷனிடம் கேட்டாள். அப்புறம் என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பழக்கதோஷத்தில் டம்ளரைக் குழாயில் பிடித்துவிட்டேன். பீப்பாய்க் கம்பெனி பழைய ரசாயனப் பீப்பாய்களைக் கழுவிக் கொட்டுகிற குழிக்குப் பக்கத்திலிருந்து வருகிற அதே நகரசபை போர்வெல் தண்ணீர். நானும் அப்பாவும் இப்போது வாயில் வைப்பதில்லை, கேன் வாங்குகிறோம். டம்ளரோடு அவள் முன்னால் வந்து நின்றேன், கை நீளவில்லையடி. திரும்பிப் போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "ஏன் ஆன்ட்டி, அந்தத் தண்ணிக்கு என்ன?" என்றாள். கேட்ட பிறகு என்னத்தை மறைக்க? இந்தத் தெருவிலும் பின்தெருவிலும் யார் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று சொன்னேன், உன் அப்பாவுக்கு வந்ததையும் சொன்னேன், தண்ணீரால்தான் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். புரோக்கர் முகம் வேகவைத்த கத்திரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கிப் போனாள். "நமக்கு வேண்டியது வீடு கைமாறணும், அவ்வளவுதான், அப்புறம் வாங்கினவங்க பாடு" என்று நீ சொன்னாயே, அதைக் கோபத்தில் சொன்னாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். உன்னை அப்படி நான் வளர்க்கவில்லை. அந்தக் குழந்தையின் தொட்டிலை இந்த வீட்டில் போட வைத்துவிட்டு அங்கே வந்து உன் குழந்தையை என்னால் கொஞ்ச முடியாது.

பார்லர் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். நடக்கிறது, ஆனால் வேலை மாறிவிட்டது. முன்பெல்லாம் முடி வெட்ட வருவார்கள், சாயம் பூச வருவார்கள். இப்போது மருந்து ஏற்றிக்கொண்டு கொத்துக் கொத்தாக உதிர்கிற தலையோடு வருகிறார்கள், மொத்தமாக எடுத்துவிடச் சொல்லி. வெளியே தெரியக் கூடாதே என்று பின்பக்க நாற்காலியைச் சுற்றித் திரை கட்டியிருந்தேன். போன மாதம் நம் தபால்காரம்மா வந்தாள். அவளுக்கும் வந்துவிட்டதடி, மார்பில். உன் கல்யாணப் பத்திரிகையெல்லாம் பை பையாகச் சுமந்து போய்ச் சேர்த்தவள். உட்கார்ந்ததும், "இந்தத் திரைய எடுத்துரு, நான் என்ன திருடிட்டா வந்திருக்கேன்?" என்றாள். எடுத்துவிட்டேன். மெஷினை இரண்டு தடவை வைத்து வைத்து எடுத்தேன், அவள் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு, "ஏய், காதை வெட்டிராத, மூக்குக்கண்ணாடி மாட்டணும்" என்றாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம், கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அழுதோம். அதோடு அந்தத் திரையைத் துவைத்துத் துடைப்புத் துணி ஆக்கிவிட்டேன். அவர்கள் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், திரை போன பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து சுகாதார அலுவலகத்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். உன் வயதுதான் இருக்கும், நல்ல பெண். எங்களை உட்காரவைத்து ஒளிக்காமல் பேசினாள். "ரெண்டு தெருவுல இத்தனை பேருக்கு வந்திருக்குன்னா எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா சின்ன எண்ணிக்கை, தற்செயல்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. தற்செயலாவே இருக்கலாம், அதையும் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். மண்ணையும் தண்ணியையும் எடுத்துப் பாக்கணும், வீடு வீடா விசாரிக்கணும். அதுக்குப் பணம் வேணும், எங்கிட்ட ஜீப்புக்கு டீசல் போடவே பணமில்ல" என்றாள். நகரசபையில் கேட்கச் சொன்னாள். நகரசபையில் பணமா இல்லை? ஊர் நுழைவாயிலில் விளக்குப் போட்ட வளைவு கட்ட ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். வருகிறவர்களை வரவேற்க வேண்டுமாம். இருக்கிறவர்களை வழியனுப்புவதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை.

நகரசபைக் கூட்டத்துக்கு இரண்டு தெருவும் திரண்டு போனோம். தபால்காரம்மா தலையில் துணிகூடப் போடாமல் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் எழுந்து ரொம்பத் தேனாகப் பேசினார். பீப்பாய்க் கம்பெனி முதலாளி பெருந்தன்மையோடு முன்வந்திருக்கிறாராம், ஆராய்ச்சிச் செலவு முழுவதையும் அவரே ஏற்கிறாராம், மக்கள் வரிப்பணத்தில் கைவைக்க வேண்டாமாம். பாதிக் கூட்டம் கை தட்டியது. முடிவு யார் கைக்கு முதலில் போகும் என்று டாக்டரம்மா கேட்டாள். கம்பெனிக்குத்தான், அவர்கள் சரிபார்த்த பிறகு வெளியிடுவார்கள் என்றார். என்னால் உட்கார முடியவில்லை. அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டு எழுந்தேன். "பீப்பாய் கழுவுறவரே தண்ணிக்குச் சர்ட்டிபிகேட் குடுப்பாரா?" என்றேன். தலைவர் சிரித்துக்கொண்டே, "பணம் யார் குடுத்தா என்னம்மா, சோதனை சோதனைதானே?" என்றார். "அப்படின்னா அடுத்த தேர்தல்ல உங்க ஓட்டை எதிர்க்கட்சிக்காரர் வீட்டுல வெச்சு எண்ணலாமா? எண்ணிக்கை எண்ணிக்கைதானே?" என்றேன். கூரை அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கினதும் சொன்னேன்: "எங்களுக்குத் தர்மம் வேணாம். குழாய் வரி கட்டுறோம், வீட்டு வரி கட்டுறோம். எங்க பணத்துல, எங்க ஆளை வெச்சு, எங்க தண்ணியப் பாருங்க. ஒண்ணுமில்லைன்னு வந்தா நானே இங்க வந்து மைக்ல சொல்றேன்."

எல்லோரும் என் பக்கம் என்று நினைத்துவிடாதே. கம்பெனியில் வேலை பார்க்கிற மேஸ்திரி, நம் மூன்றாம் வீட்டுக்காரர், அவர் எழுந்து, "கம்பெனிய மூடிட்டா எங்க வீட்டு அடுப்ப நீங்க வந்து பத்தவைப்பீங்களாக்கா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். "மூடச் சொல்லலப்பா, பாக்கச் சொல்றேன். அந்தத் தண்ணிய நான் குடிச்சேன், நீ அதுல முழங்கை வரைக்கும் கைய விட்டு வேலை செய்யிற. முதல்ல உன் ரத்தத்தத்தான் பாக்கணும்" என்றேன். உட்கார்ந்துவிட்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவர் பெண்டாட்டி மட்டும் பின்வாசல் வழியாக வந்து முடி வெட்டிக்கொண்டு போகிறாள்.

அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தலைவர் எழுந்தார். யாரும் நகரவில்லை. வாசல் கதவை அடைத்துக்கொண்டு தபால்காரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள், "எனக்கு அடுத்த கூட்டம் இருக்கான்னு தெரியல சார், இன்னிக்கே பாருங்க" என்றாள். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, வாக்கெடுப்புக்கு விட்டார். வளைவுப் பணத்தை நிறுத்தி ஆராய்ச்சிக்குக் கொடுப்பது என்று தீர்மானம். ஒரே ஒரு கை கூடுதலாக விழுந்து ஜெயித்தோம். அந்தக் கை யாருடையது தெரியுமா, கூட்டம் முழுக்கத் தூங்குவாரே அந்தக் குண்டு உறுப்பினர். கட்சி மானம் போச்சு என்று பக்கத்தில் இருந்தவர் கையைக் கீழே இழுக்க, அவர் இன்னொரு கையைத் தூக்கினார். அவர் தங்கை பின்தெருவில் இருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முடிவு வந்த அன்றே நகரசபைப் பலகையில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்க்க வைத்தோம்.

கம்பெனி கோர்ட்டுக்குப் போகப் போவதாகப் பேச்சு. போகட்டும். போன வாரம் யாரோ என் பார்லர் போர்டில் கறுப்பு ஆயிலை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா துடைக்கத் துணியோடு வந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். வருகிறவர்கள் பார்க்கட்டும். போர்டு தெரியவில்லை என்று யாரும் வழி மாறிப் போகவில்லை. நீ இதைப் படித்து உடனே டிக்கெட் போட வேண்டாம், எனக்குப் பயமில்லை. பயப்பட வேண்டிய வியாதியை வீட்டுக்குள்ளேயே பார்த்தாயிற்று. என்னையும் அப்பாவையும் அங்கே வந்துவிடச் சொல்வது உன் அன்பு, தெரிகிறது. ஆனால் நாங்கள் எழுந்து வந்துவிட்டால் இங்கே கேள்வி கேட்க ஒரு நாக்கு குறையும். அது மட்டும் நடக்காது.

நேற்றுக் காலையில் டாக்டரம்மா ஆட்களோடு வந்து நம் குழாயில்தான் முதல் பாட்டில் பிடித்தாள். பதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்தான் காரணம் என்று வந்தால் அவர்களை விடமாட்டேன். இல்லை என்று வந்தால், சொன்ன சொல்படி மைக்கில் சொல்லிவிட்டு, பின்னே எதனால் என்று மறுநாளே போய் நிற்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும், அதற்கு என் ஆசி முழுவதும். ஒன்றை மட்டும் மறக்காதே. இங்கே பிறந்து அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்து வெளியூர் போனவர்களையும் கணக்கில் சேர்க்கிறார்கள், டாக்டரம்மா உனக்கு ஃபோன் செய்வாள். "நான் இப்ப அந்த ஊர்க்காரி இல்ல" என்று சொல்லிவிடாதே. ரத்தம் கேட்டால் கொடு, கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றது பாதிதான் எனக்காக. மீதி யாருக்காக என்று உனக்கே தெரியும்.

என்றும் உன்,
அம்மா