லோவெல் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி

அன்பு மகள் டாக்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் உன் கப்பல் பட்டறையும் அந்தக் கிழக்குக் கடலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். நான் இன்றைக்கு நன்றாக இருக்கிறேன். இன்றைக்கு என்று எழுதியதை நீ சரியாகத்தான் படித்தாய், அதற்காகத்தான் இந்தக் கடிதம். இப்போது காலை ஒன்பது மணி, அம்மா தேவாலயத்தில் யாரோ ஒருவரின் அடக்கத்துக்குப் பெரிய தட்டு நிறைய உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்துக்கொண்டு போயிருக்கிறாள், யாருடைய அடக்கம் என்று இரண்டு தடவை சொன்னாள், எனக்கு நினைவில் நிற்கவில்லை. பதினொன்றுக்குத் தபால் வண்டி வரும். அதற்குள் முடிக்க வேண்டும், காலையில்தான் என் தலை எனக்குச் சொந்தமாக இருக்கிறது.

ஆற்றில் பனி உடைந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை லோவெல் வீட்டில் இந்த வருஷம் அறுபதுக்கு மேல் கன்று. நரிகள் வழக்கம்போல வந்தன, வழக்கம்போல அவன் என்னைக் கூப்பிட்டான். உனக்கு அந்தக் கறுப்புத் துப்பாக்கி தெரியும், நீ எட்டாவது படிக்கும்போது சமையல் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகச் சேர்த்தேனே, அதுதான். துள்ளி ஓடிய ஒரு சின்ன ஸ்பிரிங்கை நாம் இரண்டு பேரும் முழங்காலில் தவழ்ந்து தேடினோம், நீ ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். அதற்குப் பிறகு அதில் நான் மாற்றாத பாகம் இல்லை. குழலைக் கனமானதாக மாற்றினேன், உன் தோளுக்காகப் பின்கட்டையை நீட்டிக் குறைக்கிற மாதிரி ஆக்கினேன், போன குளிர்காலத்தில் விசையையும் மாற்றினேன், மூச்சு விட்டால் போதும், அவ்வளவு இலேசானது. ஒவ்வொரு தடவையும் சுட்டு முடித்த அன்றே கழற்றித் துடைத்து, குளிரில் உறையாத எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, போட்டு வைப்பேன். இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அதில் எந்தக் கோளாறும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் லோவெலின் மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்து, துடைப்பதற்காகப் பின்அறை மேஜையில் உட்கார்ந்தேன். தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்று, அப்புறம் குழலை மூடுகிற போல்ட்டை இழு, அப்புறம் உள்ளே கண்ணால் பார், விரலால் தடவிப் பார். துப்பாக்கிக் கிளப்பில் இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் நான் வகுப்பெடுத்தேன், ஊரில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு நான் முதலில் போல்ட்டை இழுத்தேன், அப்புறம் மேகசினைக் கழற்றினேன். வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான் அம்மாடி, மேகசினிலிருந்து ஒரு தோட்டா குழலின் அறைக்குள் ஏறிக்கொண்டது, நான் பார்க்கவில்லை, தடவவில்லை, புது விசை எப்படி இருக்கிறது என்று விரலை வைத்தேன். சுவரைத் துளைத்து, துணி துவைக்கிற அறைக்குள் போய், டிரையரையும் துளைத்தது. அந்த நேரத்தில் உன் அம்மா டிரையரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கீழே விழுந்த என் காலுறை ஒன்றை எடுக்கக் குனிந்திருந்தாள். நான் எழுந்து ஓடக்கூட இல்லை. அவள்தான் காலுறையும் கையுமாக வந்து, ஆரின், காது ரெண்டும் கொய்ங்னு கேக்குது, என்னத்தப் போட்டு உடைச்சே என்று கேட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் சுவரைப் பார்த்தாள், அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

இனி எழுதப் போவதற்கு வெட்கமாக இருக்கிறது. நான் அவளிடம் பொய் சொன்னேன். புது விசை கோளாறு, தானாக வெடித்துவிட்டது என்றேன். பாவம், நம்பினாள். மூன்று நாள் போனில் தெரிந்தவர்களுக்கெல்லாம், எங்க ஆரின் மாதிரி ஜாக்கிரதையான ஆளுக்கே இப்படின்னா மத்தவங்க கதி என்னன்னு சொல்லிக்கொண்டிருந்தாள். லோவெலுக்கு மனசு கேட்கவில்லை, நானே பாக்கறேன்னு கருவிப் பெட்டியோடு வந்தான். ஒரு மணி நேரம் கழற்றினான், தட்டினான், குலுக்கினான், கீழே ரப்பர் விரிப்பில் போட்டுக்கூடப் பார்த்தான். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இதுல ஒண்ணும் இல்லப்பா, நீ மாட்டின அன்னைக்கு எப்படியோ அப்படியே இருக்குன்னு சொன்னான். முப்பது வருஷமாக என்னைக் கிண்டல் செய்யாமல் ஒரு வாய் காபி குடிக்காதவன், அன்றைக்குக் காபியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு பில்லிங்ஸ் நகரத்தில் டாக்டரிடம் போனோம். ஞாபகத்தைச் சோதிக்க, கடிகாரம் வரையச் சொன்னாள் அந்தப் பெண் டாக்டர். வரைந்தேன், எண்கள் சரியாக உட்காரவில்லை. அம்மா அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். போனில் உன்னிடம் அப்பாவுக்கு வயசாகுது, ஞாபகம் கொஞ்சம் கம்மின்னு மட்டும்தான் சொல்லியிருப்பாள். கொஞ்சம் இல்லை. துப்பாக்கிப் பெட்டகத்தின் பூட்டு எண்ணை அவள் மாற்றிவிட்டாள், நான்தான் மாற்றச் சொன்னேன். ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் பெட்டகக் கதவில் இரும்பறுக்கும் சக்கரத்தின் கீறல், விரல் நீளத்துக்கு. யார் செய்ததுன்னு கேட்டேன். அம்மா அழுதாள். முந்தின நாள் சாயங்காலம் நான்தான் செய்தேனாம், அவளைத் திருடி என்றேனாம், என் பொருளை வித்துத் தின்னுட்டியான்னு கேட்டேனாம். நாற்பத்தோரு வருஷத்தில் அவளை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை நான். அன்றைக்கே லோவெலைக் கூப்பிட்டு, துப்பாக்கியை உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று என் கையாலேயே கொடுத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று காலை அம்மா கிளம்பிய பிறகு போன் வந்தது. லோவெல். என்னப்பா, வியாழக்கிழமை எடுத்துட்டுப் போனியே, நரி கிடைச்சுதான்னு கேட்டான். எதை எடுத்துட்டுப் போனேன் என்று கேட்டேன். அவன் குரல் மாறிவிட்டது. நான் அவன் வீட்டுக்கு இரண்டு மைல் நடந்து போயிருக்கிறேன், அவன் பெண்டாட்டி முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறேன், மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன், பழைய ஆரினாகவே நின்று கேட்டிருக்கிறேன், அவனும் கொடுத்துவிட்டான். அய்யோ ஆரின், நீ எவ்வளவு தெளிவா இருந்தே, உன்கிட்ட எப்படிடா முடியாதுன்னு சொல்லுவேன்னு பெரிய ஆம்பளை போனில் விம்முகிறான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கும் அவனிடம் முடியாது என்று சொல்ல வராது. போனை வைத்துவிட்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். நானே ஒளித்து வைத்ததை நானே தேடுகிறேன், எங்கே வைப்பான் இந்தக் கிழவன் என்று வேறு யாரையோ நினைப்பது மாதிரி நினைத்துத் தேடினேன். கடைசியில் கறி வைக்கிற ஃபிரீசருக்குப் பின்னால், உன் பழைய நீலப் போர்வையில் சுற்றி இருந்தது. மேகசின் மாட்டியிருந்தது. குழலின் அறைக்குள் தோட்டா இருந்தது. டாக்னி, நாலு நாளாக உன் அம்மா அந்த ஃபிரீசரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரை நினைத்து நான் அதை நிரப்பி வைத்தேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வெறும் இருட்டாக இருக்கிறது.

மேகசினைக் கழற்றினேன், போல்ட்டை இழுத்தேன், பார்த்தேன், தடவினேன், நாலு தடவை செய்தேன். பிறகு பிரித்தேன். என் பேத்தி மாதிரி இருக்கிற பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் எனக்கு வரமாட்டேன் என்கிறது, ஆனால் இதைப் பிரிக்கக் கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. லோவெல் மத்தியானம் வந்து துப்பாக்கியின் மீதிக் கட்டையை எடுத்துக்கொண்டு போவான். அம்மாவிடம் இன்றே நானே சொல்லிவிடுவேன், உனக்கு எழுதிவிட்டதால் மறைக்கவும் முடியாது. ஆனால் நான் மறுபடி நடந்து போய்க் கேட்பேன், அவன் மறுபடி கொடுப்பான். அதனால் நீ வர வேண்டும். இந்த மாதமே வா. கட்டையைக் கொண்டுபோய் விற்றுவிடு, அறுத்துப் போடு, ஆற்றில் எறி, எங்கே போனது என்று எனக்கு மட்டும் தெரியக் கூடாது.

அம்மாவே செய்யக் கூடாதா என்று கேட்பாய். கூடாது. அவள் என்னோடு இங்கே இருக்க வேண்டியவள், எனக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியவள், அவளை நான் திருடி என்று நினைக்க ஆரம்பித்தால் எங்கள் இரண்டு பேர் கதி என்ன. கோபம் உன் மேல் விழட்டும். நீ ரெண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறாய், தாங்குவாய். நீ தாங்குவாய் என்று எப்படித் தெரியும் என்றால், உன் பதினாறு வயதில், சந்தையில் நான் குடித்துவிட்டு ஆடிய அன்று வண்டிச் சாவியைப் பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டு, நடந்து வாங்கப்பான்னு சொல்லிவிட்டு முன்னால் போனாய். நாலு மைல் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன், நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு வருகிற பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, துப்பாக்கியின் போல்ட் இருக்கிறது, உபரியாக வைத்திருந்த இன்னொன்றும் இருக்கிறது. அவை இல்லாமல் அது சுடாது. நான் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவதற்குள் நீ வந்துவிட வேண்டும்.

நான் போன் செய்வேன். தெளிவாகப் பேசுவேன், முதலில் உன் உடம்பை விசாரிப்பேன், லோவெலின் கன்றுகளுக்கு ஆபத்து என்பேன், அப்புறம் கெஞ்சுவேன், அப்புறம் பெற்ற மகளே திருடிவிட்டாள் என்று கத்துவேன். அதெல்லாம் என் குரலில்தான் வரும். போல்ட்டைத் திருப்பி அனுப்பாதே. என் பேச்சு எது என்று சந்தேகம் வந்தால் இந்தக் காகிதத்தை எடுத்துப் படி, இதுதான் என் பேச்சு.

கடவுள் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். வெல்டிங் செய்யும்போது முகமூடியை ஒழுங்காக மாட்டிக்கொள், குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. பெட்டி வந்து சேர்ந்ததும் அம்மாவுக்கு மட்டும் தகவல் சொல். தபால் வண்டி சத்தம் கேட்கிறது.

நல்ல நினைவோடு எழுதிய,
உன் அப்பா
ஆரின்