வளையல் கழற்றும் நேரம்

சேலம்,
3-1-1939

அன்புள்ள செல்லமுத்து அண்ணாவுக்கு, விடுதியிலிருந்து தங்கை வசந்தாமணி வணங்கி எழுதுவது. நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன்.

அப்பா திருந்திவிட்டாரா, பொங்கலுக்கு நல்லம்மாள் அண்ணியை அழைத்து வந்து சித்திரை வரை நம் வீட்டில் விட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். "எல்லாம் நல்லாருக்குதுன்னு எழுதிப்போடு சாமி" என்றுதான் அம்மா சொல்லியனுப்பினாள்.

மதுவிலக்கு வந்து கள்ளுக்கடையை மூடியது உண்மை. அப்பா ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை, அதுவும் உண்மை. ஆனாலும் காட்டு வேலை முடிந்து திரும்பும்போது அவர் கால் பழைய கடை வழியாகத்தான் வருகிறது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் மூளையில் வண்டித்தடம் போல ஒன்று விழுமாம். பிறகு நினைக்காமலே கைகால் அவ்வழியே போகுமாம். எங்கள் ஆசிரியை சொன்னார். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். புரிந்தது வீட்டில்தான்.

அப்பா குடித்துவிட்டு வரும் நேரத்தில் அம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி உப்புச் சட்டிக்குப் பின்னால் வைப்பாளே, கையை முறுக்கினால் உடைந்து குத்தும் என்று. கடை மூடி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் கழற்றுகிறாள். கேட்டால், கழற்றியதே தெரியவில்லை என்கிறாள்.

மார்கழி விடுமுறையில் ஒருநாள் அம்மா விளக்கேற்றும்போது அப்பா பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ளே, நானென்ன செத்தா போயிட்டேன்? வெளக்கு வெக்கற நேரத்துல மொட்டைக் கையோட நிக்கறே!"

"கை பழகிப்போச்சுங்க."

"எதுக்குப் பழகுச்சு?"

அம்மா விளக்குத் திரியைத் தூண்டினாள். அப்பா அவள் கையைப் பிடித்து முறுக்கினார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன் அண்ணா, கள் வாசமே இல்லை. வளையல் இல்லாததால் ரத்தம் வரவில்லை. இத்தனை வருஷமும் நாம் கள்ளைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

அண்ணியை இங்கே விட வேண்டாம்.

இன்னொன்றும் எழுதாவிட்டால் முதல் வரியில் சொன்னது பொய்யாகிவிடும். ஆடியில் நான் கோயமுத்தூர் வந்திருந்தபோது, உங்கள் மில் சங்கு ஊதியதும் அண்ணி வளையல்களைக் கழற்றி அடுப்பு மாடத்தில் வைத்தார். பாத்திரம் கழுவ என்றார். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

புதிதாக விழுந்த தடத்தில் நடக்காமல் விட்டால் புல் முளைத்துவிடும் என்றும் ஆசிரியை சொன்னார். அண்ணிக்குப் பச்சை வளையல் அனுப்புகிறேன். நீங்கள் வீடு திரும்பும்போதும் அவை அவர் கையிலேயே கிடக்கட்டும் அண்ணா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

விடுதியில் விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தங்கை,
வசந்தாமணி