தெரியாத வீடு

அன்புள்ள அம்மாவுக்கு, பெங்களூரிலிருந்து சுகுணா. மூட்டுவலி குறைந்ததா? கீழ் கோத்தகிரியில் இன்னும் மழைதானா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னச் சம்பவம். நீ எஸ்டேட் லயத்தில் வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுக்கப் போவாயே, அதுபோல என் புரோகிராம் மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களுக்குள் வரி வரியாகப் போய்ப் பார்த்துவரும். அவர்கள் எழுதும் கணினி மொழியில் இப்போது புதுவகை வரி ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். நீயாக இருந்தால், "புதுசா குடி வந்தவங்களா? கொழந்த இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாய். அப்படியொரு வழி வைக்க எனக்குத் தோன்றவில்லை. தெரியாத வீட்டைக் கண்டதும் என் புரோகிராம் அப்படியே விழுந்து நின்றுவிட்டது.

தைலம் ஒரு பாட்டில் அனுப்பு, தூக்கமே வருவதில்லை. கம்பெனி போனையும் அடையாள அட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இனி வேறு நம்பரிலிருந்துதான் கூப்பிடுவேன். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதே, அம்மா. எடு.

சுகுணா